வாட்ஸைத் தள்ளிவைத்து ஆம்ப்ளிஃபையர் வாங்கிய அனுபவம்

சென்னை ரிச்சி தெருவில் (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) போய் ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்றால், கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ் சார்?" என்றுதான். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. மடிப்பாக்கத்தில் வாடகை ஃப்ளாட், பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால். கேட்பது பெரும்பாலும் கர்நாடக சங்கீதம், அப்புறம் எண்பதுகளின் சினிமா பாட்டு. அப்பா கொடுத்த எல்பி ரெக்கார்டுகள் ஒரு பெட்டி, பழைய டர்ன்டேபிள் ஒன்று. ஆம்ப்பும் ஸ்பீக்கரும் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடிக்க வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"அப்படின்னா இதை எடுங்க சார், 5000 வாட்ஸ்" என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள். திருப்பிப் பார்த்தால், கரண்ட் எடுப்பது 60 வாட் என்று பின்பக்கம் அச்சடித்திருந்தது. உள்ளே போவது 60, வெளியே வருவது 5000 என்றால் மின்வாரியமே அதை வாங்கிக்கொள்ளும். பிஎம்பிஓ (கண நேர உச்ச பவர்) என்று போடும் கணக்கு இது. ஒழுங்கான அளவுகோல் எதுவும் கிடையாது, நினைத்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். ஆர்எம்எஸ் வாட்ஸ் (தொடர்ந்து கொடுக்கும் பவர்) என்று, எத்தனை ஓமுக்கு (ஸ்பீக்கரின் மின்தடை), எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவு) என்பதோடு சேர்த்துப் போட்டிருந்தால்தான் நம்பலாம். நல்ல பெயர் எடுத்த ஹோம் தியேட்டர் ரிசீவர்களிலும் இதைக் கவனிக்க வேண்டும். பெட்டி மேல் பெரிதாக இருக்கும் வாட்ஸ் எண், ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓமில், 10 சதவீத டிஸ்டார்ஷனில் எடுத்ததாக இருக்கலாம். 10 சதவீதம் என்றால் பாடகர் குரலே கிழிந்து கேட்கும்.

சரி, எனக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? ஃபோனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, பழைய செட்டில் நான் வழக்கமாகக் கேட்கும் அளவை அளந்தேன். சராசரியாக 75 டெசிபல். இதற்கு மேல் போனால் பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டுவார். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 88 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் வரும். நான் உட்காருவது இரண்டரை மீட்டர் தள்ளி. அந்தத் தூரத்தில் குறைவதையும், இரண்டு ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து திருப்பிக் கொடுப்பதையும் கணக்குப் போட்டால், என் 75 டெசிபலுக்குக் கால் வாட் கூட வேண்டாம்.

ஆனால் சராசரியை மட்டும் வைத்து வாங்க முடியாது. மிருதங்கத்தில் ஒரு அடி விழும்போது சத்தம் சட்டென்று 20 டெசிபல் ஏறலாம். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு பவர், 20 டெசிபலுக்கு நூறு மடங்கு. அதாவது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு 20 வாட் வரை தேவைப்படும். ஆக, 35 முதல் 45 வாட் வரை உள்ள நேர்மையான ஆம்ப் என் ஹாலுக்குத் தாராளம். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது வெறும் 3 டெசிபல். அதற்குக் கூடுதலாகப் பணம் கொடுக்க மனம் வரவில்லை.

இது தெளிவானதும் வரிசையை மாற்றினேன்: முதலில் ஸ்பீக்கர், அப்புறம்தான் ஆம்ப். வீட்டில் கேட்கும் ஒலியை அதிகம் மாற்றுவது ஸ்பீக்கரும் அறையும்தான். வார்ஃப்டேல் டயமண்ட் 12.1, க்யூ அகூஸ்டிக்ஸ் 3020ஐ, எலாக் டெபியூ பி5.2 மூன்றும் பட்டியலில் இருந்தன. முதல் இரண்டும் 88 டெசிபல், எலாக் 86. எலாக்குக்குக் காற்றுப் போக்கி (போர்ட்) முன்பக்கம். சுவரை ஒட்டி வைக்க வேண்டியவர்களுக்கு அது வசதி.

கேட்டுப் பார்க்கப் போன ஷோரூமில் ஒன்றைக் கவனித்தேன். விலை கூடிய ஜோடிக்கு மாற்றும்போதெல்லாம் சத்தமும் கொஞ்சம் ஏறியது. வேண்டுமென்றே செய்தார்களா, சென்சிடிவிட்டி வித்தியாசமா, தெரியாது. ஒரு டெசிபல் கூடினாலே காது அதைச் சத்தம் என்று சொல்லாது, "தெளிவாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். அதனால் ஃபோனை ஒரே இடத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் அளவைச் சமப்படுத்தச் சொன்னேன். ஊழியர் முகம் சுளித்தாலும் செய்தார். பாட்டும் நான் கொண்டுபோனதுதான். தம்புரா மட்டும் ஒலிக்கும் ஆரம்பம், தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கும்கி என்ற உருளும் அடி நன்றாக விழும் ஒரு தனி ஆவர்த்தனம், ஒரு வீணை. ஷோரூமில் போடும் ஆங்கில ஜாஸ் எதில் கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். சத்தத்தைச் சமப்படுத்தியதும் மூன்றுக்கும் இடையே இருந்த பெரிய வித்தியாசம் சிறியதாகிவிட்டது. குரலும் தம்புராவும் தனித்தனியாக நின்றது வார்ஃப்டேலில். அதையே எடுத்தேன்.

ஆம்ப்புக்கு இப்போது வாட்ஸ் கேள்வியே இல்லை, எந்தெந்த இன்புட் வேண்டும் என்பதுதான் கேள்வி. எல்பிக்கு எம்எம் (மூவிங் மேக்னட் வகை கார்ட்ரிட்ஜுக்கான) ஃபோனோ இன்புட் கட்டாயம். ஊசி பொருத்திய அந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது நாலைந்து மில்லிவோல்ட். சிடி பிளேயர் கொடுப்பது 2 வோல்ட். அதோடு, ரெக்கார்டு வெட்டும்போது பாஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றித்தான் வெட்டுவார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்யும் சர்க்யூட்டும் ஃபோனோ இன்புட்டில்தான் இருக்கிறது. இது இல்லாத ஆம்ப்பில் செருகினால் ஈனஸ்வரத்தில் தகர டப்பா போலத்தான் பாடும். டிவியையும் இணைக்க ஆப்டிகல் இன்புட் (ஒளி வழியாக ஒலியை வாங்கும் டிஜிட்டல் இணைப்பு) வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. யமஹா ஏ-எஸ்201, கேம்ப்ரிட்ஜ் ஏஎக்ஸ்ஏ35 இரண்டிலும் ஃபோனோ உண்டு, ஆப்டிகல் இல்லை. டெனான் பிஎம்ஏ-600என்இ-யில் இரண்டும் இருந்தன. 8 ஓமில் 45 வாட். முடிந்தது.

(டாராய்டல் என்ற வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஆம்ப்பை நானே அசெம்பிள் பண்ணிக்கொள்ளச் சொல்லி நண்பன் ஒருவன் விடாமல் சொன்னான். பாதிப் பணத்தில் முடியும், உண்மைதான். எனக்கு சால்டரிங் வராது. ரிமோட் இல்லாவிட்டால் வீட்டில் அதைத் தொடவும் மாட்டார்கள்.)

வீட்டுக்கு வந்ததும் பாஸ் குடம் மாதிரி உருண்டது. ஆம்ப் மேலும் தப்பில்லை, ஸ்பீக்கர் மேலும் தப்பில்லை. பன்னிரண்டு அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் அருகில் ஒலி நின்று எதிரொலிக்கும், சுவரோரம் அது உச்சத்தில் இருக்கும். என் சோஃபாவோ சுவரை ஒட்டி. அதை ஒன்றரை அடி முன்னால் இழுத்தேன். பின்பக்கம் போர்ட் இருப்பதால் ஸ்பீக்கரையும் சுவரிலிருந்து ஓரடிக்கு மேல் நகர்த்தினேன். வழவழ டைல்ஸ் தரையில் கை தட்டினால் 'டங்' என்று திரும்பி வந்துகொண்டிருந்தது. பவானி ஜமக்காளம் ஒன்று, கனமான திரைச்சீலை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி. இவற்றால் வந்த மாற்றத்தைப் பத்தாயிரம் ரூபாய் கூடுதல் ஆம்ப் கொடுத்திருக்காது.

அடுத்தது 'ம்ம்ம்' என்ற ஹம். டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்பின் பின்னால் உள்ள திருகில் மாட்டியதும் பாதி போனது. மீதி, டிவியை ஆர்சிஏ ஒயரில் (சாதாரண ஆடியோ ஒயர்) இணைத்திருந்ததால் கேபிள் கனெக்‌ஷன் வழியாக வந்த கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இரண்டு வழியாக இணைந்து உண்டாகும் வளையம். ஆப்டிகல் கேபிளுக்கு மாற்றினேன். அதில் போவது வெளிச்சம், கரண்ட் இல்லை. அதனால் லூப் அறுந்தது. டிவி செட்டிங்கில் ஆடியோவை பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சத்தமே வராது.

ஸ்பீக்கர் ஒயருக்கு அதிகம் யோசிக்கவில்லை. 16 கேஜ் செம்பு, பக்கத்துக்கு மூன்று மீட்டர். கம்பியைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.

இன்வெர்ட்டர் லைனில் ஆம்ப்பை மாட்டவில்லை. எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் (வழவழப்பான அலையாக இல்லாமல் சதுர அலையாகக் கரண்ட் தருவது), ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் முனகும். டிவி யூனிட்டின் மூடிய தட்டிலும் வைக்கவில்லை. இது போன்ற கிளாஸ் ஏபி வகை ஆம்ப் சும்மா இருந்தாலே சூடாகும், மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். மேலே நான்கைந்து அங்குலம் திறந்த இடம் விட்டிருக்கிறேன்.

ரெக்கார்டுகளில் பூஞ்சை பிடித்திருந்தது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, லேபிள் நனையாமல் துடைத்து, வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் அலசி நிழலில் காயவைக்கிறேன். பாதிப் பெட்டி முடிந்திருக்கிறது. சப்வூஃபர் (பாஸுக்கென்றே தனி ஸ்பீக்கர்) பற்றி நண்பன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். கீழ் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.