விலகிப் போக வழி இருந்தும் நின்னு சுட்டா அது தற்காப்பா?

விலகிப் போக வழி இருக்கு, போனா உடம்புல ஒரு கீறல் கூட விழாதுன்னு தெரியுது, அப்பவும் போகாம நின்னு எதிர்ல இருக்கறவன சுட்டுக் கொன்னா அதுக்கு சட்டம் பாதுகாப்பு குடுக்கணுமா? குடுக்கவே கூடாதுங்கறதுதான் என் கட்சி. அமெரிக்காவுல பாதிக்கு மேல மாநிலங்கள்ல இந்த பாதுகாப்பு இருக்கு, 'ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்'னு சொல்றாங்க, அத ரத்து பண்ணணும்னு அங்கயே நெறைய பேர் வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்காங்க. கோத்தகிரியில உக்காந்துட்டு உனக்கு எதுக்குப்பா இதுன்னு கேப்பீங்க. இங்க எஸ்டேட் பக்கம் தனி வீட்ல இருக்கற சில பேர் இதே மாதிரி சட்டம் நமக்கும் வரணும்னு பேச ஆரம்பிச்சிருக்காங்க, எங்க மாமாவும் அதுல ஒருத்தர். நான் வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்கறவன், அதனால என்கிட்டதான் வந்து நிக்கறாரு.

மாமாவோட பயம் பொய் பயம் இல்ல. தேயிலைக்கு நடுவுல ஒத்த வீடு, சாயங்காலம் மிஸ்ட் எறங்கிட்டா கேட்டு பக்கம் யார் நிக்கறாங்கன்னு தெரியாது, டவர் சில நேரம் கெடைக்கும் சில நேரம் கெடைக்காது. 2017 ஏப்ரல்ல கோடநாடு எஸ்டேட் பங்களாவுக்குள்ள ராத்திரி ஒரு கும்பல் புகுந்து காவலாளிய கொன்னுட்டு போனது இந்த சுத்துவட்டாரத்துல யாருக்கும் மறக்கல. "ராத்திரி ஒருத்தன் கதவ உடைச்சுட்டு வந்தா நான் ஓடணுமா மாப்ள? எங்க ஓடறது, கீழ சோலை, மேல கரடி"ன்னு கேட்டாரு. ஓட வேண்டாம் மாமா, நம்ம சட்டம் உங்கள ஓடச் சொல்லவே இல்லன்னு சொன்னேன். அவர் நம்பல.

நெஜமாவே சொல்லல. தற்காப்பு உரிமை முன்னாடி இந்திய தண்டனைச் சட்டத்துல 96லேர்ந்து 106 வரைக்கும் இருந்துச்சு, 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 34லேர்ந்து 44 வரைக்கும் வந்திருக்கு. உயிருக்கோ படுகாயத்துக்கோ நியாயமான பயம் இருந்தா, பாலியல் பலாத்காரம், ஆள் கடத்தல், ஆசிட் வீச்சுன்னு வந்தா, தாக்கறவன் செத்தாலும் குத்தம் இல்ல. பொழுது சாஞ்சு விடியறதுக்குள்ள வீட்ட உடைச்சு உள்ள வர்றவன் விஷயத்துலயும் அந்த உரிமை இருக்கு. பயந்து ஓடறது ஒரு குடிமகனோட கடமை இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டே 1962ல ஜெய் தேவ் கேஸ்லயும் 2010ல தர்ஷன் சிங் கேஸ்லயும் சொல்லியாச்சு.

அப்ப நம்ம சட்டமும் அதே 'நின்னு அடி' சட்டம்தானேன்னு எங்க சீனியரே ஒரு தடவ கேட்டாரு. மேலோட்டமா பாத்தா அப்படித்தான் தெரியும். ஆனா நம்மகிட்ட 37ன்னு ஒரு பிரிவு இருக்கு, பழசுல 99. போலீஸ் மாதிரி அரசாங்க பாதுகாப்ப தேட நேரம் இருந்தா தற்காப்பு உரிமை கெடையாது, தேவைக்கு மேல ஒரு அடி கூட அடிக்கக் கூடாது. அதே ஜெய் தேவ் கேஸ்ல ஓட வேண்டாம்னு சொன்ன அதே கோர்ட், எதிராளிங்க திரும்பி ஓட ஆரம்பிச்சப்புறம் சுட்டது தற்காப்பு ஆகாதுன்னு சொல்லிருச்சு. ஆபத்து நின்ன நிமிஷம் உரிமையும் நிக்குது. அப்புறம், கொன்னவன்தான் கோர்ட்ல வந்து ஏன் கொன்னேன்னு காட்டணும்.

அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலத்துல இத தலைகீழாக்கிட்டாங்க. 2005ல வந்த சட்டம் பொது இடத்துலயும் பின்வாங்க வேண்டாம்னு சொன்னதோட நிக்காம, அரஸ்ட், வழக்கு, நஷ்டஈடு எல்லாத்துலேர்ந்தும் விலக்கு குடுத்துச்சு, 2017ல இன்னும் ஒரு படி போய் விசாரணைக்கு முன்னாடியே இது தற்காப்பு இல்லன்னு நிரூபிக்கற பாரத்தையும் அரசு தரப்பு தலையில கட்டிட்டாங்க.

இதோட விளைவு என்னன்னு பாக்க 2018 ஜூலைல அதே ஃப்ளோரிடாவுல க்ளியர்வாட்டர்ங்கற ஊர்ல நடந்தத எடுத்துக்கலாம். ஒரு கடை வாசல், மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங்ல ஒரு கார் நிக்குது, உள்ள ஒரு பொண்ணு. மைக்கேல் டிரெய்காங்கற ஆளு வந்து இங்க ஏன் நிறுத்துனேன்னு சண்டை போடறான். அந்தப் பொண்ணோட துணை மார்க்கீஸ் மெக்ளாக்டன் கடையிலேர்ந்து வெளிய வந்து அவன தள்ளி விடறாரு, அவன் கீழ விழறான், உக்காந்த மேனிக்கே துப்பாக்கிய எடுக்கறான். அந்த கேமரா வீடியோவ நான் ரெண்டு மூணு தடவ நிறுத்தி நிறுத்தி பாத்தேன், துப்பாக்கிய பாத்ததும் மெக்ளாக்டன் பின்னாடி நகர்றாரு, தெளிவா தெரியுது. அப்புறம்தான் குண்டு. அஞ்சு வயசு பையனோட கடைக்கு வந்த மனுஷன். அந்தப் பகுதி போலீஸ் தலைவரான ஷெரிஃப், சட்டம் இப்படி இருக்கறதால என்னால அரஸ்ட் பண்ண முடியாதுன்னு சொன்னாரு. ஊரே தெருவுல எறங்கினப்புறம் வழக்கு போட்டு 2019ல 20 வருஷ தண்டனை குடுத்தாங்க. கடைசியில நியாயம் கெடைச்சிருச்சேன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது ஆறுதலாவே இல்ல. கைய வச்சது தப்புதான், ஆனா பின்னாடி போயிட்டு இருந்தவர சுட்டவன் முதல் சில வாரம் வீட்ல இருந்தான்.

மே மாசம் ஊட்டிக்கு வந்து பாருங்க. சேரிங் கிராஸ்ல, பொட்டானிக்கல் கார்டன் ரோட்ல பார்க்கிங்குக்காக நடக்காத சண்டையா? கார் கதவ தெறந்து எறங்கி சட்டைய பிடிப்பாங்க, தள்ளுவாங்க, கெட்ட வார்த்தை காது குடுத்து கேக்க முடியாது, டிராஃபிக் போலீஸ் வந்து விசில் ஊதினா கலைஞ்சு போய் அரை மணி நேரத்துல வறுக்கி வாங்கிட்டு இருப்பாங்க. ரெண்டு பேருமே உயிரோட வீடு போய் சேர்றாங்க. இடுப்புல துப்பாக்கியும் பின்வாங்க வேண்டாம்னு ஒரு சட்டமும் இருந்திருந்தா அந்த ரோட்ல ஒவ்வொரு சீசனுக்கும் எத்தன பொணம் விழும்னு மாமாவ யோசிக்கச் சொன்னேன். அவர் பதில் சொல்லல, டீய ஊதிட்டு இருந்தாரு.

ட்ரேவான் மார்ட்டின் கேஸ் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். 2012 பிப்ரவரி, ஃப்ளோரிடாவுல சான்ஃபோர்டு, 17 வயசு பையன், கையில ஆயுதம் இல்ல, அவன சுட்டுக் கொன்னது ஜிம்மர்மேன்னு அந்தக் குடியிருப்புல காவல் பாத்துட்டு இருந்த ஒருத்தர். ஜிம்மர்மேன் கார விட்டு எறங்கி அந்தப் பையன் பின்னாடி போனாரு, அப்படிப் போக வேண்டியதில்லன்னு போலீஸ் லைன்ல இருந்தவர் சொன்னாரு, கடைசியில 2013ல விடுதலையும் ஆனாரு. அவர் வக்கீல்கள் விலக்கு கேட்டு தனி மனு போடல, ஆனாலும் பின்வாங்க வேண்டிய கடமை இல்லங்கற வாசகம் ஜூரிக்கு குடுத்த அறிவுரையில இருந்துச்சு. இத படிச்சப்ப எனக்கு நம்ம வனவிலங்கு சட்டம்தான் ஞாபகம் வந்துச்சு. 1972 சட்டத்துல 11வது பிரிவு, உயிரக் காப்பாத்திக்க நல்லெண்ணத்தோட காட்டு மிருகத்த கொன்னா குத்தம் இல்லங்குது, ஆனா அந்த நேரத்துல நீயே சட்டத்த மீறிட்டு இருந்தா அந்த மன்னிப்பு கெடையாது. மான் வேட்டைக்கு போனவன் கரடி வந்துச்சு சுட்டேன்னு சொல்லி தப்பிக்க முடியாது. ஒரு கரடிக்கு நாம குடுக்கற இந்த நியாயம் அந்த பையனுக்கு கெடைக்கலையேன்னு மனசு ஆறல.

ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட் சட்டம் பலவீனமானவங்களுக்கு, முக்கியமா பொண்ணுங்களுக்கு பலம்னு ஒரு வாதம் இருக்கு. நான் இத லேசா எடுத்துக்கல, ஃபேக்டரி ஷிஃப்ட் முடிஞ்சு இருட்டுல எஸ்டேட் ரோட்ல நடந்து வர்ற அக்காக்கள தெனமும் பாக்கறேன். ஆனா மரிஸா அலெக்சாண்டர்னு ஃப்ளோரிடாவுலயே ஒரு அம்மா, அடிச்சு கொடுமைப்படுத்தின புருஷன எதிர்த்து 2010ல ஒரு எச்சரிக்கை குண்டு சுட்டாங்க, யாருக்கும் காயம் கூட இல்ல, விலக்கு கேட்டாங்க, கோர்ட் மறுத்துருச்சு, 2012ல 20 வருஷம். அப்பீல்ல மறுவிசாரணைக்கு உத்தரவாச்சு, அப்புறம் அரசு தரப்போட ஒரு ஒப்பந்தத்துக்கு வந்து 2015லதான் ஜெயில் தண்டனைய முடிச்சாங்க. யாருக்காகன்னு சொன்னாங்களோ அவங்களுக்கு அது உதவல.

ரத்து பண்ணா என்ன ஆகும்னு பயப்படறவங்க நியூயார்க், நியூஜெர்சிய பாக்கட்டும். அங்க பொது இடத்துல பத்திரமா விலக முடிஞ்சா விலகணும், வீட்டுக்குள்ள அந்த கடமை இல்ல, விலக வழியே இல்லாதவனுக்கும் இல்ல. மூலையில மாட்டினவன் திருப்பி அடிக்கலாம், தூங்கும்போது கதவ உடைச்சா அடிக்கலாம். அப்ப ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட் சட்டத்தால கூடுதலா லாபம் அடையறவன் யாரு? போயிருக்க முடிஞ்சும் போகாதவன் மட்டும்தான். ஃப்ளோரிடாவுல சட்டம் வந்தப்புறம் கொலை விகிதம் 24 சதவீதம் போல ஏறினத 2017ல ஒரு ஆய்வு காட்டுச்சு, ஒப்பிட்டுப் பாத்த, அந்த சட்டம் இல்லாத மாநிலங்கள்ல அந்த ஏத்தம் இல்ல.

மாமா இன்னும் முழுசா ஒத்துக்கல. ஆனா அவருக்கு வேண்டியது துப்பாக்கி சட்டம் இல்ல, ராத்திரி அந்த ரோட்ல ஒரு போலீஸ் ரோந்து, வளைவுல எரியற ரெண்டு லைட்டு, 112க்கு அடிச்சா லைன் கெடைக்கற ஒரு டவர். கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு நாள்ல குடுக்க எழுதி வச்சுட்டேன், ஊர்க்காரங்க கையெழுத்து வாங்கற வேலைய மாமா பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு.