வேலையை விடாமல் எம்.டி. படிக்க: சர்வீஸ் கோட்டாவுக்குத் தயாராகும் இளம் மருத்துவர்களுக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள்: "வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் உட்கார்ந்து படித்தால்தானே அண்ணா, முதுநிலை இடம் கிடைக்கும்?" விடாதீர்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில், மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதி அரசுப் பணியில் இருப்பவர்களுக்குரியது. இதைத்தான் சர்வீஸ் கோட்டா என்கிறோம். படிக்கும் காலம் முழுவதும் சம்பளமும் வரும். கிராமத்து நோயாளியைப் பார்த்த மருத்துவரை நிபுணராக்க அரசு தன் கையிலிருந்து செய்யும் செலவு இது.

2017இல் இந்த ஒதுக்கீடு கைநழுவியபோது அரசு மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பணியில் இருப்பவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. அந்தப் போராட்டத்தின் பலனை அனுபவிப்பவர்கள் நாம். அதை அறியாமல் பலர் விண்ணப்பம் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது ஊக்க மதிப்பெண். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2000ஆம் ஆண்டு விதிமுறைகளில் வேரூன்றிய முறை இது: தொலைதூர, கடினப் பகுதிகளில் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 சதவீதம் வரை, மொத்தம் 30 சதவீதம் வரை. கவனியுங்கள், இது நீட் முதுநிலை நுழைவுத் தேர்வில் நீங்கள் வாங்கிய மதிப்பெண்ணின் மீது போடப்படும் சதவீதம். முழு 30 சதவீதமும் கிடைத்தால், 300 எடுத்தவர் 390 ஆவார். 400 எடுத்தவர் 520 ஆவார். முன்னவருக்குக் கூடுவது 90, பின்னவருக்கு 120. மலையில் பணியாற்றினால் போதும், படிக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தேர்வில் 200 கேள்விகள், 800 மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று கழியும்.

படிப்பது எப்படி? நான் இருந்த மலையில் சிக்னல் வராது. கேள்வித் தொகுப்புகளை ஊருக்கு இறங்கும்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்வேன். ஆனால் பெரிய பாடம் பணியிலேயே இருந்தது. ஓர் இரவு பாம்புக்கடி என்று ஒருவரைத் தூக்கி வந்தார்கள். சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துச் சாய்த்தோம். உறையாமல் ஓடியது; விஷம் இரத்தத்தைத் தாக்கியதற்கு அது அடையாளம். உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினோம். நச்சியலில் அந்தப் பகுதியை அதற்குப் பிறகு நான் மனப்பாடம் செய்யவே தேவைப்படவில்லை. அன்று பார்த்த நோயாளியை அன்றிரவே புத்தகத்தில் தேடிப் படியுங்கள். பிரசவ அறையில் நிற்பவருக்கு மகப்பேறு பாடம் பாதி முடிந்த மாதிரிதான்.

சான்றிதழ் வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஊக்க மதிப்பெண்ணுக்கான அரசாணையில் உங்கள் நிலையம் எந்தப் பட்டியலில் வருகிறது, குறைந்தபட்சப் பணிக்காலம் எவ்வளவு என்பதை அந்தந்த ஆண்டின் சேர்க்கைத் தகவல் தொகுப்பேட்டில் பாருங்கள். மாற்றுப்பணியில் வேறிடம் போயிருந்தால் அந்த ஆணைகளின் நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

கலந்தாய்வில் ரேடியாலஜி எடுக்கச் சொல்லி வீட்டில் நெருக்குவார்கள். நான் மகப்பேறு மருத்துவம் எடுத்தேன். மலைக்கு அதுதான் தேவை என்று கண்ணால் பார்த்திருந்தேன். சேரும்போது, ஓய்வு பெறும் வரை அரசுப் பணியில் இருப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க வேண்டும். அதை வரி விடாமல் படித்து, வீட்டிலும் பேசிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.