பெட்டி சொல்லாத சிப்

நவம்பர் 2, 2008

சும்மா கிடந்த பழைய கணினியை வீடியோ ரெக்கார்டராக்கும் வேலையைத் தொடங்கியாயிற்று. லினக்ஸ் போட்டேன், அதன் மேல் டிவி நிகழ்ச்சிகளைப் பதியும் மென்பொருளான மித்டிவி. கணினியில் டிவி பார்க்க உதவும் ட்யூனர் கார்டு ஒன்று அலமாரியில் இருந்தது; அதைத் தூசி தட்டி பிசிஐ ஸ்லாட்டில் செருகினேன். கார்டின் பெட்டியில் ரிமோட் படம் இருக்கிறது, ஐந்தாறு முத்திரைகள் இருக்கின்றன. உள்ளே என்ன சிப் என்பது மட்டும் இல்லை. செருகிய கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்துப் பார்த்தேன். ஒரே கார்டு இரண்டு வரியாக வந்தது: வீடியோவுக்கு ஒன்று, ஆடியோவுக்கு ஒன்று. புரூக்ட்ரீ பிடி878.

நவம்பர் 3

சிப் தெரிந்தால் போதும் என்று நினைத்தது தப்பு. இந்த சிப்பை இயக்கும் பிடிடிவி டிரைவர் ஏறியதும் "அன்னோன்/ஜெனரிக், கார்டு 0" என்றது, அதாவது எந்த கார்டு என்று தெரியவில்லையாம். தான் யார் என்று சொல்ல கார்டில் ஒரு சின்ன நினைவகம் இருக்க வேண்டும். என்னுடையதில் அது இல்லை. ட்யூனர் எது, ஒலி எந்த வழியாகப் போகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

கார்டைக் கழற்றி, ஆன்டெனா செருகும் இடத்துத் தகரக் கூட்டின் ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் படித்தேன். எஃப்ஐ1216. டிரைவரின் பட்டியலில் அது ட்யூனர் 5, பிலிப்ஸ், பேல்-பிஜி என்ற ஒளிபரப்பு முறைக்கானது. ஒரு வழியாகப் படம் வந்தது.

எந்த மாதிரி கார்டு என்று டிரைவருக்குச் சொல்லும் கார்டு எண்ணுக்கு அப்படிக் குறுக்கு வழி இல்லை. பட்டியலில் நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றாகப் போட்டு, டிரைவரை இறக்கி ஏற்றி, சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை கணினியே உறைந்துவிட்டது. 37-இல் சத்தம் வந்தபோது இரவு ஒன்றரை.

நவம்பர் 5

அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்னடா, எல்லாரும் ரெண்டு ரெண்டு தடவை பேசுறாங்க?" என்றார். உண்மைதான். கார்டிலிருந்து ஒரு வயர் சவுண்டு கார்டின் லைன்-இன்னுக்குப் போகிறது. அந்தச் சத்தம் நேராக ஸ்பீக்கரில் கேட்கிறது. மித்டிவியோ நேரலையைக்கூட முதலில் டிஸ்க்கில் பதிந்து, அப்புறம்தான் காட்டும். அதனால் சில நொடி கழித்து அதே வசனம் மறுபடியும். மிக்ஸரில் லைனை ம்யூட் செய்தேன், பதிவுக்கான மூலமாக மட்டும் அதை விட்டுவைத்தேன். எதிரொலி போயிற்று.

நவம்பர் 8

முழு அளவுப் படம் 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃப்ரேம், புள்ளிக்கு 2 பைட். பெருக்கினால் நொடிக்கு 20 எம்பிக்கு மேல். இந்த கார்டு அதை அப்படியே கொட்டிவிடும். சுருக்குவது முழுக்க ப்ராசஸரின் தலையில். என் பழைய ப்ராசஸர் திணறுகிறது, ஃப்ரேம்கள் விழுகின்றன. 352-க்கு 288 ஆக்கினால் ஓடுகிறது. அந்த உயரத்தில் ஒரு ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகள் கொண்ட பாதி ஃப்ரேம்) மட்டும் பதிவாவதால், ஆட்கள் நகரும்போது விளிம்பில் தெரியும் சீப்புப்பல் கோடுகளும் இல்லை. ஆனால் ஸ்கோர் எழுத்துகள் மசமசவென்று இருக்கின்றன.

நவம்பர் 15

நண்பன் தன் பிவிஆர்-150 கார்டைக் கொடுத்தான். இதில் சிஎக்ஸ்23416 என்ற சிப் இருக்கிறது. எம்பெக்-2 வடிவ வீடியோவாகச் சுருக்கும் வேலையை கார்டே செய்துவிடும். இதற்கான ஐவிடிவி டிரைவரும் சென்ற வருடத்து 2.6.22 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையமான கெர்னலிலேயே வருகிறது. செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. லாக்கில் ஒரு வரி: கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு 376836 பைட் இருக்க வேண்டுமாம். என்னுடையது பாதியில் அறுந்த டவுன்லோடு, அளவைப் பார்க்காமல் காப்பி செய்திருக்கிறேன். திரும்ப எடுத்துப் போட்டதும், வீடியோ சாதனத்திலிருந்து வருவதை 'கேட்' கட்டளையால் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டேன். பத்து நொடியில் நிறுத்திப் பார்த்தால், அது அப்படியே ஓடுகிற எம்பெக் படம்! இத்தனை நாள் மல்லுக்கட்டியதை நினைத்துச் சிரிப்புதான் வந்தது.

நவம்பர் 16

மித்டிவியில் பழைய கார்டை நீக்கி, எம்பெக்-2 என்கோடர் வகையில் இதைச் சேர்த்தேன். வகையை மாற்றாமல் விட்டால் பழைய கார்டு மாதிரி நினைத்துக்கொண்டு முழிக்கும். அரை மணி நேரப் பதிவு, நொடிக்கு 6 மெகாபிட்டில், சுமார் 1.3 ஜிபி. ப்ராசஸர் தூங்குகிறது.

அம்மாவின் தொடரில் கடைசி நிமிடம் வெட்டுப்பட்டுவிட்டது. சேனல் தாமதமாக முடித்திருக்கிறது. முடிவு நேரத்தோடு மூன்று நிமிடம் கூட்டி வைத்தேன்.

பழைய கார்டு திரும்ப அலமாரிக்கு. போவதற்கு முன் அதன் பெட்டியில் மார்க்கரால் எழுதினேன்: பிடி878, ட்யூனர் 5, கார்டு 37.