உறைபனி மாதம்

டிசம்பர் 9, கோத்தகிரி

இரவு 9 மணிக்குப் படுத்துக் காலை 6 மணி வரை கிடந்து, அதில் நாலரை மணி நேரம் மட்டுமே உறங்கினால் படுத்த நேரத்தில் பாதிதான் தூக்கம் என்று தூக்கமின்மைக்கு நான் பார்க்கும் ஆலோசகர் கணக்குப் போட்டுக் காட்டினார். இனி 12 மணிக்குப் படுத்து 5:30க்கு எழ வேண்டுமாம். பகலில் தலை சாய்க்கவும் கூடாதாம். வலியோடு இருப்பவளிடம் படுக்கையைக் குறைக்கச் சொல்வது என்ன நியாயம்?

டிசம்பர் 11

பாதம் எரிகிறது.

டிசம்பர் 14

ஏறத்தாழ 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து, கண் சொக்கிய பிறகே திரும்ப வேண்டும். கடிகாரத்தையும் பார்க்கக் கூடாது. படுக்கையைக் கண்டதுமே விழித்துக்கொள்ளும் பழக்கம் இப்படித்தான் உடையுமாம். இந்த முறையை 1972-இல் எழுதிய உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின், டிசம்பர் மாதத்துக் கோத்தகிரியில் சமையலறைத் தரையில் வெறுங்காலை வைத்திருக்க மாட்டார். வைக்க வேண்டியவள் நான். கம்பளிக் காலுறையின் தையல் பட்டாலே சுண்டுவிரல் ஓரம் தீயாய் எரிகிறது. வெந்நீர்ப் பை வைக்கலாமென்றால், மரத்துப்போன தோல் சூட்டை உணராமல் வெந்துவிடும் என்கிறார் மருத்துவர்.

விளக்கைப் பார்த்து எழுந்துவந்த அத்தை, “என்னம்மா, வயிறு சரியில்லையா?” என்றார். ஆமாம் என்றேன். எதற்குத்தான் உண்மை சொல்லியிருக்கிறேன் அவரிடம்!

டிசம்பர் 20

இரவில் போட்ட எச்.ஐ.வி. மாத்திரையைக் காலைக்கு மாற்றிவிட்டார்கள். அதிலுள்ள டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்குமாம். முன்பு எஃபவிரென்ஸ் காலத்தில் தூக்கம் வந்தது, கூடவே விடிய விடியக் கனவும் வந்தது. அதற்கும் முன்பு விழுங்கிய ஸ்டாவுடின்தான் கால் நரம்பைக் கெடுத்துவிட்டுப் போனது. கிருமி அடங்கிவிட்டது, கால் அடங்கவில்லை.

டிசம்பர் 22

எழவில்லை. குளிர். 20 நிமிட விதி கிடக்கட்டும்.

டிசம்பர் 28

படுத்ததும் உறங்கி, ஒரே ஒருமுறை விழித்தேன். எரிச்சல் போய்விடவில்லை; ஆனால் தூக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி கூடுதலாகத் தெரியும் என்று ஆலோசகர் சொன்னதை, இன்று பாத்திரம் தேய்க்க நின்றபோது மறுபக்கத்திலிருந்து புரிந்துகொண்டேன்.

ஜனவரி 3

படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்குமேல் உறங்கினால் படுக்கைக்கு 15 நிமிடம் கூட்டித் தருவார்கள். கூலி உயர்வுக்குக்கூட இவ்வளவு ஏங்கியதில்லை. மருந்து வாங்க உதகை போகும்போது பேருந்தில் கண் அயர்ந்தால் அதையும் தூக்கக் கணக்கு அட்டையில் எழுத வேண்டுமா என்று கேட்க வேண்டும்.