ஆண் ஈயின் நடுக்கால்

நைரோபியில் நான் பார்க்கும் வேலை, ஆல்கஹாலில் ஊறிக் கிடக்கும் பழ ஈக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இது இன்ன இனம் என்று எழுதிக் கொடுப்பது. மக்குவேனி, எம்பு, மேரு பக்கத்து மாந்தோப்புகளிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் சின்னச் சின்னக் குப்பிகளில் அவை வந்து சேரும். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "ஈ பார்க்கிறேன்" என்பேன், அதற்கு மேல் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இந்த வேலைக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயம் மெல்லப் புரிந்தது. ஆப்பிரிக்காவின் பழ ஈக்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஆண் ஈக்களைப் பற்றியது. மாம்பழத்தைக் குத்தி முட்டை வைப்பது பெண், புழு வருவது பெண்ணால், ஏற்றுமதி நிற்பதும் பெண்ணால். ஆனால் பொறியில் வந்து விழுவது ஆண், இனம் பிரிக்க உதவும் கேள்விப் பட்டியலான கீ எழுதப்பட்டிருப்பது ஆணின் உடம்பை வைத்து, பதிவேட்டில் முழுப் பெயரோடு ஏறுவதும் ஆண்தான்.

காரணம் சுலபம். நாங்கள் பொறிகளில் வைக்கும் மருந்துகள் ஆண்களைத்தான் இழுக்கும். மெத்தில் யூஜெனால் வைத்தால் ஆசியாவிலிருந்து வந்த பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்ற ஈயின் ஆண், டிரைமெட்லூர் வைத்தால் செராடைடிஸ் கேபிடாட்டாவும் அதன் சொந்தக்கார இனங்களும், கியூலூர் வைத்தால் வெள்ளரி, பூசணி வகைகளைத் தாக்கும் ஈக்களின் ஆண்கள். இதற்கு முன்கதை நம் பக்கத்தில் இருக்கிறது. பீகாரின் பூசாவில் வேலை பார்த்த ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், கொசுவுக்காகக் கைக்குட்டையில் தடவிய சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஈக்கள் கூட்டமாக வருவதை அறிந்து, அவை எல்லாமே ஆண்கள் என்று கண்டு 1912இல் எழுதினார். அந்த எண்ணெயில் இழுக்கும் சரக்கு மெத்தில் யூஜெனால் என்பது சில வருடங்களில் தெளிவானது. துளசியிலும் அதே சரக்கு உண்டு. பெண்ணை அந்த வேகத்தில் இழுக்கும் மருந்து எதுவும் கிடைக்கவில்லை. புரதக் கரைசல் வைத்தால் பெண்ணும் வரும், கூடவே வீட்டு ஈ, அந்துப்பூச்சி என்று எல்லாமே வரும். நனைந்து நாறிப்போன அந்தக் குழம்பிலிருந்து ஈயைப் பொறுக்கி எடுக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சரி, வந்து விழுந்த ஆணை எப்படி அடையாளம் காண்பது? சுலபமானது கேபிடாட்டா, மத்தியதரைக்கடல் பழ ஈ என்று உலகம் கூப்பிடுகிற ஈ. பெயர்தான் அப்படி, பூர்விகம் ஆப்பிரிக்கா. நான்கைந்து மில்லிமீட்டர் உடம்பு. ஆணின் நெற்றியில் கண்களுக்கு நடுவே முன்னால் இரண்டு மயிர்கள், தண்டு வெளிறியிருக்கும், நுனியில் கறுப்பாக வைர வடிவத்தில் ஒரு தகடு. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. பெண்ணுக்கு அது கிடையாது. அந்தத் தகடு பெண்ணை மயக்கும் ஆட்டத்தில் எதற்கோ உதவுகிறது, அதை வெட்டி எடுத்த ஆண்களைப் பெண்கள் அவ்வளவாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் பிறகு, இது எங்களுக்கு அடையாள அட்டை. பொறியில் எறும்பு புகுந்து மேய்ந்த குப்பிகளில் மயிர் உடைந்து போயிருக்கும். அப்போது மயிர் நட்டிருந்த குழியைத் தேட வேண்டும், விளக்கைப் பக்கவாட்டில் திருப்பினால் நிழலில் அது தெரியும்.

மாங்காயின் பழைய எதிரியான கோசைரா என்ற ஈக்கு இந்த அலங்காரம் எதுவும் இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அதைப் பார்க்கும்போது ஒரு நிம்மதி வரும், பெண்ணையும் பெயர் சொல்லி எழுதலாமே என்று.

தலைவலி ஆரம்பிப்பது ரோசா கூட்டத்தில். ஃபேசிவென்ட்ரிஸ், அனோனே, ரோசா என்று மூன்று நெருங்கிய இனங்களைச் சேர்த்து ஒரு கூட்டமாகப் பார்ப்பது வழக்கம். இந்தக் கூட்டத்து ஆணின் நெற்றியில் தகடு இல்லை, அதற்குப் பதில் நடுக்காலில் மயிர். ஆறு கால்களில் நடு ஜோடியை மட்டும் பாருங்கள். கணைக்காலின் இரு ஓரத்திலும் நீண்ட மயிர்கள் வரிசையாக நீட்டிக்கொண்டு, பாட்டில் கழுவும் பிரஷ் போல இருக்கும். அனோனே என்றால் தொடைப் பகுதியிலும் அதே மயிர் அடர்த்தியாக இருக்கும். மயிர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு அடர்த்தி, காலின் நிறம் என்ன என்று பார்த்துப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

இதைப் பார்க்க ஒரு கைப்பக்குவம் உண்டு, எந்தக் கீயிலும் எழுதியிருக்காது. ஆல்கஹாலில் மூழ்கியிருக்கும்போது அந்த மயிர்கள் எல்லாம் காலோடு ஒட்டிக்கொண்டு, மயிரே இல்லாத கால் மாதிரி ஏமாற்றும். ஈயை எடுத்து டிஷ்யூ பேப்பரில் வைத்து ஈரம் வற்றும் வரை காத்திருக்க வேண்டும். வற்ற வற்ற மயிர்கள் ஒவ்வொன்றாக விலகி விசிறி மாதிரி விரியும். அந்தச் சில நொடிகள் எனக்கு இன்னும் பிடிக்கும், இத்தனை வருஷம் கழித்தும். காய்ந்துபோனால் கால் முறியும் என்பதால் சீக்கிரம் பார்த்துவிட்டுத் திரும்ப ஆல்கஹாலில் போட்டுவிட வேண்டும். அதேபோல வெள்ளைத் தாளின் மேல் காலை வைத்துப் பார்த்தால்தான் கறுப்பு எது, நிழல் எது என்று தெரியும்.

ரோசாவே ஒரு இனம் இல்லை, இரண்டு என்பது பிறகு வந்த குழப்பம். ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் எடுத்த ஈக்களின் மரபணுக் குறிகளைப் பார்த்தபோது, மூன்று பெயர்களுக்குள் ஐந்து தனிப் பிரிவுகள் இருப்பது தெரிந்தது. ரோசா இரண்டாகப் பிரிந்தது: ஒன்று தாழ்வான வெப்பப் பகுதி, இன்னொன்று குளிர்ந்த மேட்டு நிலம். 2016இல் மேட்டு நில ஈக்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள், செராடைடிஸ் குயிலிசி. ரீயூனியன் தீவில் பழ ஈக்களை ஆராய்ந்த செர்ஜ் குயிலிசியின் நினைவாக. ரீயூனியன், மொரீஷியஸ் தீவுகளில் அதுவரை ரோசா என்று எழுதி வந்ததும் குயிலிசிதான் என்று ஆனது.

இரண்டையும் கண்ணால் பிரிப்பதற்கு ஆணின் நடுக்காலை விட்டால் வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. ரோசாவின் கணைக்கால் கொஞ்சம் தடிமன், அதில் உள்ள கறுப்பு மயிர்ப் பகுதி முழுக்க ஓரம் வரைக்கும் நிறைந்திருக்கும். குயிலிசியின் கால் சற்று ஒல்லி, கறுப்பு எல்லா இடத்திலும் ஓரத்தைத் தொடாது, விளிம்பில் வெளிறிய கோடு மாதிரி தெரியும். இதுதான் வித்தியாசம். முழு ஈயே ஐந்தாறு மில்லிமீட்டர், அதில் ஒரு காலின் ஒரு கணுவில் கறுப்பு ஓரத்தைத் தொடுகிறதா இல்லையா என்பதை வைத்து இரண்டு இனம்.

எங்கள் டெக்னீஷியன் ஒருவர், என்னைவிட வயதில் மூத்தவர், மலைப்பகுதிக் குப்பி வந்தால் லேபிளைத் துணியால் மூடிவிட்டுத்தான் ஈயை எடுப்பார். ஏன் சார் என்று கேட்டதற்கு, "உயரம் இத்தனை மீட்டர் என்று படித்துவிட்டால் அப்புறம் கண் குயிலிசியைத்தான் பார்க்கும்" என்றார். ரொம்பச் சரி. இரண்டும் கலந்து வாழும் இடங்களும் இருக்கின்றன, பக்கத்து நாடான தான்சானியாவில் மொரோகோரோவை ஒட்டிய உலுகுரு மலைச்சரிவில் அப்படித்தான். முதலில் காலைப் பார்த்துப் பென்சிலில் எழுதிவிட்டு, அப்புறம் துணியை எடுத்து இடத்தைப் பார்ப்பது இப்போது என் வழக்கமும் ஆகிவிட்டது.

இதில் எரிச்சலூட்டுவது குப்பியை ஆட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான். மோட்டார் சைக்கிளில் கரடுமுரடான பாதையில் அரைக்குப்பி ஆல்கஹாலோடு வந்தால், ஈக்கள் உள்ளே உருண்டு புரண்டு கால்கள் எல்லாம் கழன்று அடியில் கிடக்கும். எந்தக் கால் எந்த ஈயுடையது? குப்பியை வாய்வரை நிரப்பி மேலே ஒரு பஞ்சை அடைத்து அனுப்புங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நடுக்கால் இல்லாத ஆண், எங்கள் கணக்கில் பெண்ணுக்குச் சமம். "ரோசா கூட்டம், இனம் தெரியவில்லை" என்று எழுதி அடுத்ததற்குப் போக வேண்டியதுதான்.

பெண்ணுக்குச் சமம் என்று எழுதியபோதே இதன் கோளாறும் தெரிகிறது. இந்தக் கூட்டத்துப் பெண்களைக் கண்ணால் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது. காலில் மயிர் இல்லை, நெற்றியில் தகடு இல்லை, வால் முனையில் முட்டையிடும் ஊசி மட்டும் உண்டு. ஒரு சிறு டிஎன்ஏ துண்டைப் படித்து இனம் சொல்லும் டிஎன்ஏ பார்கோடும் இந்தக் கூட்டத்தில் கைகொடுக்கவில்லை, இனங்கள் ஒன்றோடொன்று அவ்வளவு நெருக்கம். தோட்டத்தில் விழுந்த கொய்யாவையும் மாம்பழத்தையும் எடுத்துவந்து மணல் போட்ட டப்பாவில் வைத்து, புழு மண்ணில் இறங்கிக் கூண்டுப்புழுவாகி ஈ வெளிவரும் வரை வளர்ப்பது ஒரு வழி. அங்கேயும் கூடப்பிறந்த ஆண்தான் பெண்ணுக்குச் சாட்சி. ஒரே பழத்தில் இரண்டு இனம் முட்டை வைத்திருந்தால் அந்தச் சாட்சியமும் போச்சு. வெளிவந்த உடனே கொன்றாலும் பயனில்லை, நிறம் ஏறியிருக்காது. சர்க்கரையும் தண்ணீரும் கொடுத்து நாலைந்து நாள் உயிரோடு வைத்தால்தான் காலின் கறுப்பு முழுசாகத் தெரியும்.

மக்குவேனியில் ஒரு விவசாயி கேட்ட கேள்வி இது. அவர் தோப்பில் மெத்தில் யூஜெனால் பொறிகள் நிறைய, வாளியைத் திறந்தால் ஈ கொட்டும். "இவ்வளவு ஈ செத்திருக்கிறதே, அப்புறம் என் மாம்பழத்தில் புழு எங்கேயிருந்து வருகிறது?" இவை எல்லாம் ஆண்கள், பழத்தைக் குத்துகிறவள் இந்த வாளிக்குள் வரவே மாட்டாள் என்றேன். "அப்படியானால் நீங்கள் தப்பான ஆளைப் பிடிக்கிறீர்கள்" என்றார். ஆண்களைப் பெருமளவு ஒழித்தால் பெண்களுக்குத் துணை கிடைக்காமல் போகும், டார்சாலிஸ் விஷயத்தில் இது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் பக்கத்துத் தோப்பில் துணை சேர்ந்த பெண் இங்கே பறந்து வந்தால் ஒன்றும் செய்ய முடியாது, சுற்றியுள்ள எல்லோரும் சேர்ந்து போட வேண்டும் என்று விளக்கினேன். தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியாது. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

அந்த டார்சாலிஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் கென்யாவில் யாருக்கும் தெரியாத ஒரு ஈ பொறியில் விழுந்தது. ஆப்பிரிக்க ஈ இல்லை, ஆசியச் சாயல், ஆனால் முதுகின் நிறம் கறுப்பிலிருந்து செம்பழுப்பு வரை ஒன்றுக்கொன்று மாறியது. இலங்கையில் கிடைத்த ஈக்களோடு ஒத்துப்போனது. 2005இல் இதற்கு பாக்ட்ரோசெரா இன்வேடென்ஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள், பத்து வருஷம் அந்தப் பெயரில் ஆப்பிரிக்கா முழுவதும் பேச்சு. கடைசியில் 2015இல், இது புது இனம் இல்லை, நமக்கெல்லாம் தெரிந்த டார்சாலிஸ்தான் என்று சேர்த்துவிட்டார்கள். பெயர் மாறினாலும் அதன் ஆணை அடையாளம் காண்பது மாறவில்லை: வயிற்றின் மூன்றாவது வளையத்தில் இரு பக்கமும் சீப்பு மாதிரி வரிசையான கெட்டி மயிர், வயிற்றின் மேல் ஆங்கில T எழுத்து மாதிரி ஒரு கறுப்புக் குறி. அது வந்த பிறகு மாந்தோப்புகளில் கோசைரா பின்னுக்குப் போனது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மாம்பழம் அனுப்புவதைக் கென்யா தானாகவே நிறுத்திக்கொண்டது, 2021இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைக்காலத்தில் ஒவ்வொரு குப்பிக்கும் எங்கள் மேசையில் மதிப்பு கூடியது, சம்பளம் அப்படியேதான் இருந்தது.

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப்பில் வேறு விதமான சிக்கல். அங்கே காட்டுப் பெண்கள் வீணாகத் துணை சேரட்டும் என்று, ஆய்வகத்தில் மலடாக்கிய கேபிடாட்டா ஆண்களைத் திராட்சைத் தோட்டங்களில் விடுகிறார்கள், 1999இல் ஹெக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆரம்பித்தது. பொறியில் விழுந்தவன் காட்டு ஆணா, விட்ட ஆணா? நெற்றித் தகடு இருவருக்கும் உண்டு. கூண்டுப்புழுவின் மேல் ஒளிரும் சாயப்பொடி தூவிவிடுவார்கள், ஈ வெளிவரும்போது தலை முன்புறம் ஊதி விரிந்து சுருங்கும், அந்த மடிப்புக்குள் பொடி மாட்டிக்கொள்ளும். புற ஊதா விளக்கில் பார்த்து, சந்தேகம் என்றால் தலையை நசுக்கிப் பார்ப்பார்கள்.

இப்போது என் மேசையில் இருப்பது 2016க்கு முந்தைய பழைய பெட்டிகள். எல்லா லேபிளிலும் ரோசா. கால் முழுசாக உள்ள ஆண்களைத் திருப்பிப் பார்த்து ரோசா, குயிலிசி என்று பிரித்துப் புது லேபிள் போடுகிறேன். கடலோரப் பெட்டிகள் பெரும்பாலும் ரோசாவாகவே நிற்கின்றன, மேட்டு நிலப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் மாறுகின்றன. பெண்கள் மட்டும் இருக்கும் பெட்டிகளைத் தனியாக அடுக்கி வைத்திருக்கிறேன். மரபணுச் சோதனைக்குப் பணம் கேட்டு எழுதியாயிற்று, பதில் வரவில்லை. அதுவரை அவற்றின் லேபிளில் "ரோசா, பழைய பொருளில்" என்று பென்சிலால் சேர்த்து எழுதி மூடுகிறேன்.