வேர் அழுகிய பெலனாப்சிஸ் ஆர்க்கிட்: தொட்டி மாற்றியதிலிருந்து புது இலை வரை

ஆர்க்கிட்டின் இலை துவண்டு சுருங்கினால் உடனே தண்ணீர் ஊற்றத்தான் தோன்றும். பெலனாப்சிஸில் அதுதான் ஆபத்து. பெரும்பாலும் தொட்டியில் ஈரம் வேண்டிய அளவு இருக்கும், அதை உறிஞ்ச வேர்தான் இருக்காது. இந்தச் செடியும் அப்படித்தான். ஸ்பேக்னம் பாசியை இறுக்கி அடைத்த தொட்டி. மேல்பக்கம் மொறுமொறுவென்று காய்ந்திருக்க, நடுவில் பிழிந்தால் நீர் சொட்டியது.

பிரித்தெடுத்தல்

அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டால் வேர் முறியாமல் பாசி கழன்று வரும். அடுத்து ஒவ்வொரு வேராக விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். நனைந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி நிறம். அழுகியது கொழகொழவென்று நசுங்கும். இழுத்தால் மேல்தோல் உறைபோல் உருவிக்கொண்டு வர, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். நிறத்தை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். வெளிச்சம் படாமல் தொட்டிக்குள் வளர்ந்த வேர் மஞ்சளாக இருந்தாலும் கெட்டியாக இருந்தால் நல்ல வேர்தான்.

தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் அழுகியதை நீக்கியபின் மூன்று வேர்கள் மிஞ்சின. வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூள் தடவச் சொல்வார்கள். தண்டில், இலையில் தடவலாம். நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும் என்பதால் இதில் தடவவில்லை.

நடவு

தொட்டியின் அளவை முடிவு செய்ய வேண்டியது வேர், இலையல்ல. மூன்று வேருக்கு 4 அங்குலமே தாராளம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் வேரின் நிறம் வெளியிலிருந்தே தெரியும். கலவை: 1 முதல் 1.5 செ.மீ. பைன் பட்டைத் துண்டு நான்கு பங்கு, அடுப்புக்கரித் துண்டு ஒரு பங்கு. காய்ந்த பட்டை தண்ணீரை ஏற்காது என்பதால் முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். பட்டைக்குப் பதில் தேங்காய் மட்டைத் துண்டு என்றால், உப்பு போக இரண்டு மூன்று முறை நீர் மாற்றி ஊறவைப்பது கட்டாயம்.

அடி இலையின் கணு கலவையின் மேல்மட்டத்தில் இருக்கட்டும், புதையக் கூடாது. குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். செடி ஆடினால் புது வேர்முனை உரசிக் கருகும். முதல் தண்ணீர் மூன்று நாள் கழித்து, வெட்டுக்காயம் உலர்ந்த பிறகு.

காத்திருப்பு

முதல் சில வாரங்களில் மேலே எந்த மாற்றமும் தெரியாது. அடி இலை ஒன்று மஞ்சளாகும். அதிலுள்ள சத்தைச் செடி எடுத்துக்கொள்கிறது, தானாக உதிரும்வரை பிடுங்க வேண்டாம். நடுக்குருத்து கறுத்தால்தான் பயப்பட வேண்டும், அது குருத்தழுகல். இலைமேல் தண்ணீர் தெளிப்பதால் வருவதே அதிகம். பெலனாப்சிஸ் இலைத்துளைகளைத் திறப்பது பெரும்பாலும் இரவில். ஆகவே தெளிப்பதைவிட, துளையிட்ட பிளாஸ்டிக் உறையைத் தளர்வாக மூடிக் காற்றில் ஈரப்பதம் காப்பது பலன் தரும். வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் கூடாது.

புது வேர்

அடி இலையின் கணுவைக் கீறிக்கொண்டு பளபளப்பான உருண்டை முனை எட்டிப் பார்த்தால் வேர். முனை தட்டையாக, பக்கத்தில் சிறு வெட்டுடன் இருந்தால் பூந்தண்டு. இந்த நிலையில் அதை நறுக்கிவிடுவதே நல்லது. மனசு வராதுதான்!

வேர்முனை தெரிந்தபிறகே உரம். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 20-20-20 உரம் லிட்டருக்கு அரை கிராம், இரு தண்ணீருக்கு ஒரு முறை. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் நன்றாக அலசி விட வேண்டும். உப்பு சேர்ந்தால் பச்சை முனை பழுப்பாகி வளர்ச்சி நின்றுவிடும். வேர் வெள்ளியானதும் ஊற்றி, முழுதும் வடியவிடுவது, தட்டில் நீர் தேங்கவிடாதது: தண்ணீர்க் கணக்கு அவ்வளவே.

இப்போதைய நிலை

பழைய இலைகளின் சுருக்கம் முழுதாக நிமிரவில்லை, நிமிராது. பார்க்க வேண்டியது புது இலையை. அது விறைப்பாக வருகிறது. அதன் அகலம் முந்தைய இலையைத் தாண்டும்வரை பூவுக்கு முயல வேண்டாம். அதன்பின் இரவு வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் சில வாரம் நீடித்தால் தண்டு விட வாய்ப்புண்டு. பட்டைத்துண்டு விரலில் பொடிந்தால் மறுபடி கலவை மாற்ற வேண்டும். சுமார் இரண்டு ஆண்டில் அந்த நிலை வரும்.