ஹார்த்ஸ்டோன் தொடங்குபவர்களுக்கு: டஸ்ட்டை எதில் போடுவது?

டர்பனிலோ சாட்ஸ்வொர்த்திலோ புதிதாக ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் கார்டு விளையாட்டை ஆடத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, ராண்டை எடுக்கும் முன் டஸ்ட் (கார்டை உடைத்தால் கிடைப்பது, புதுக் கார்டை உருவாக்க உதவுவது) கணக்கைப் பாருங்கள்.

கார்டுகளின் அரிய தன்மைக்கு நான்கு தரம்: லெஜண்டரி, எபிக், ரேர், காமன். மிக அரிதான லெஜண்டரியை உருவாக்க 1600 டஸ்ட் வேண்டும்; உடைத்தால் 400தான் திரும்பும். எபிக்குக்கு 400, திரும்புவது 100. ரேருக்கு 100, திரும்புவது 20. காமனுக்கு 40, திரும்புவது வெறும் 5! அவசரப்பட்டு உடைத்தால் முக்கால் பங்குக்குக் குறையாமல் போய்விடும். பேக்கில் (கார்டுப் பொட்டலத்தில்) வந்த தங்க நிற லெஜண்டரி மட்டும் வேறு கதை: உடைத்தால் முழு 1600. உங்கள் டெக்கில் அதற்கு இடமில்லை என்றால் தயங்க வேண்டாம்.

ஒரு தொகுப்பின் முதல் 10 பேக்குக்குள் லெஜண்டரி உறுதி. அது வந்த பிறகு 40 பேக் வரைகூடக் காத்திருக்க நேரலாம். ஆகவே முதல் லெஜண்டரி கிடைத்ததும் அடுத்த தொகுப்புக்குத் தாவுங்கள். ஸ்டாண்டர்டிலிருந்து (புதிய தொகுப்புகளை மட்டும் அனுமதிக்கும் ஆட்டமுறை) விரைவில் விலகப்போகும் பழைய தொகுப்பில் தங்கத்தை, அதாவது ஆட்டத்தில் சேர்க்கும் நாணயத்தை, கொட்டாதீர்கள்.

டெக்குக்கு 30 கார்டு. எல்லோருக்கும் கிடைக்கும் இலவசக் கோர் கார்டுகளோடு காமனும் ரேரும் சேர்ந்த வேகமான டெக், ஒரே கிளாஸில் (நாயகன் வகையில்) போதும். பேட்ச் (விளையாட்டின் புதுப்பிப்பு) வரும் நாளில் மொபைல் டேட்டா கரையும், வைஃபையில் இறக்குங்கள்.

மிஞ்சிய பிரதிகளையும் உடனே உடைக்காதீர்கள். விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒரு கார்டின் வலுவைக் குறைத்தால், சில நாட்களுக்கு அதை உடைத்து உருவாக்கும் விலையையே முழுதாகப் பெறலாம்.